துரையின் தோற்பைக் குழலும் நான் செய்த பித்தளைத் திறப்பும்

நான் பட்டறை வேலையிலிருந்து இளைப்பாறிய நாளில், கூட வேலை செய்தவர்கள் வடையும் தேநீரும் வைத்து ஒரு பிரியாவிடை நடத்தினார்கள். ஏதாவது சொல்லுங்கோ என்று எழுப்பிவிட்டார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கதிரையில் இருக்கப் போனேன். அப்போது புதிதாகச் சேர்ந்த, மெசின் பூட்டுகிற பிற்றர் ஒருவர் கேட்டார்.

"அண்ணை, தண்டு திருப்பேக்கை நாங்கள் ஏன் வாய் திறக்கிறேல்லை? ஸ்பனராலை ரண்டு தட்டுத் தட்டினால் திருப்பு, ஒண்டு தட்டினால் நில். வேறை பட்டறையளிலை இப்பிடி இல்லை. உதை ஆர் கொண்டுவந்தது?"

"நானும் ரங்கின் துரையும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அது போதுமான பதில் இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அந்தப் பிற்றருக்கும் அவரோடு நின்றவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

என் தகப்பன் பருத்தித்துறைக் கரையில் மீன்பிடித்தவர். எனக்குக் கடலை விட இரும்பில் பிரியம். கொழும்பில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் மூன்று வருஷம் கைவேலை பழகிக்கொண்டு, ஐம்பத்தாறாம் ஆண்டு ஊருக்குத் திரும்பினேன். அந்த நாட்களில்தான் வள்ளங்களுக்கு டீசல் மெசின் பூட்டுகிற திட்டம் ஒன்று வெளிநாட்டு உதவியோடு எங்கள் கரைக்கு வந்தது. கடற்கரையில் கிடுகு வேய்ந்த ஒரு நீளமான கொட்டில், ஒரு கடைச்சல் மெசின், இரண்டு மர வாங்கு, ஒரு அலுமாரி நிறைய ஸ்பனர். அதுதான் பட்டறை. என்னை முதலாவது பிற்றராக எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு மேலே அதிகாரியாக வந்தவர்தான் ரங்கின்.

ஸ்கொட்லாந்தின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். தகப்பனும் மீன்பிடிகாரர். வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும், எனக்கு முப்பது. வெயில் பட்டால் இறால் அவித்த நிறத்துக்கு வந்துவிடுவார். முதல் நாளே வள்ளத்தில் ஏறி, யாரும் சொல்லாமல், பாரம் சரியாக விழுகிற இடத்தைப் பார்த்து இருந்தார். கரையில் நின்ற கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு வெள்ளைக்காரன் இல்லை. வேறு கடலில் இருந்து வந்த ஆள். ரங்கின் என்ற பெயர் ஒரு கிழமைக்குள் ரங்கன் ஆகிவிட்டது. ஆறு மாதத்தில் கடற்கரைத் தமிழ் பேசத் தொடங்கினார். எல்லோரையும் 'நீர்' என்பார். அதிகாரி என்றாலும் நீர், மீன் விற்கும் கிழவி என்றாலும் நீர்.

சத்தம் போட்டு ஒருநாளும் கதைத்ததில்லை. மெசின் ஒன்று குழப்படி செய்தால் உடனே கழற்ற விடமாட்டார். பூவரசம் தடி ஒன்று வைத்திருந்தார். ஒரு நுனியை மெசினில் வைத்து, மற்ற நுனியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு தடியை எங்களிடம் தருவார்.

"கதையாதையும், கேளும். மூண்டு சிலிண்டரிலை எது சுருதி விட்டு நிக்குது?"

முதலில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. நாலைந்து மாதத்தில், நடுச் சிலிண்டர் கொஞ்சம் பிந்தி அடிக்கிறது என்று தடியை வைத்ததும் சொல்லக்கூடியதாக வந்தது. ஒரு மெக்கானிக்கிடம் 'சுருதி' என்ற சொல்லை நான் கேட்டது அவரிடம்தான். அந்தச் சொல் அவருக்குச் சங்கீதத்திலிருந்து வந்தது.

அவரிடம் ஒரு வாத்தியம் இருந்தது. ஒரு தோற்பை, அதில் காற்று ஊத ஒரு குழாய், தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று ஒத்துக் குழல்கள், கீழே தொங்கும் ஒரு விரல் குழல். பையைக் கக்கத்துக்குள் வைத்து நெரித்தால் மூன்று ஒத்தும் விடாமல் இரையும், விரல் குழலில் பாட்டு வரும். வேலை முடிந்த பின்னேரங்களில் கடற்கரையில் நடந்து நடந்து வாசிப்பார். மீன் சந்தைப் பெண்கள் முதல் நாள் கேட்டுவிட்டு, "துரை ஆட்டுக்குட்டியைக் கக்கத்துக்கை வைச்சுக் கொல்லுறார்" என்று சிரித்தார்கள். அதை அவரிடம் நான் சொன்னேன். "எங்கடை ஊரிலையும் உப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார்.

எங்கள் வெயிலுக்கு அந்த வாத்தியம் பழக்கப்படவில்லை. தோல் காய்ந்து காற்று ஒழுகியது. அவர்கள் ஊரில் பைக்குள் ஒரு பாகு ஊற்றித் தோலைப் பதமாக வைப்பார்களாம். இங்கே அவர் பனம்பாணியையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றினார். காற்று நின்றது. அடுத்த நாள் காலையில் வாத்தியத்தைக் கட்டெறும்பு மொய்த்திருந்தது. பிறகு ஒரு முக்காலியின் கால்களைத் தண்ணீர்ப் பீங்கான்களுக்குள் நிறுத்தி அதன்மேல் வைத்தோம். இதெல்லாம் அவருக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. இந்தச் சூட்டில் பழைய முறை சரிவராது என்றால் வேறு முறை என்ன என்று யோசிக்கிற ஆள். தன் ஊரில் குழலின் துளையை அராவி, ஒத்துக்களின் நீளத்தை மாற்றி, பெரியவர்களிடம் பேச்சு வாங்கியவர் என்று பிறகு அறிந்தேன். "அங்கை எனக்கு நல்ல பேர் இல்லை, செல்லத்துரை" என்று ஒருமுறை அவரே சொன்னார்.

எங்கள் கடற்கரைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குக் கோப்பாயிலிருந்து முருகேசர் என்ற நாதஸ்வரக்காரர் வருவார். ரங்கின் வேட்டியோடு, சட்டையில்லாமல், வெளி வீதியில் மூன்று மணித்தியாலம் நின்று கேட்டார். முதுகு முழுக்கக் கொப்புளம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கோப்பாய்க்கு பஸ் ஏறினார்.

முருகேசர் அதிகம் பேசாதவர். தோட்டக் கிணற்றடியில் நின்றவர், கால் முகம் கழுவிக்கொண்டு வந்து, "வாசியுங்கோ பாப்பம்" என்றார். ரங்கின் தன் ஊர்ப் பாட்டு ஒன்று வாசித்தார். முருகேசர் கண்ணை எடுக்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தக் குழல் ஹரிகாம்போதியிலை துளைச்சிருக்கு" என்றார் என்னிடம். "இப்ப வாசிச்ச பாட்டு மோகனம். ஆனால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் பாயிறார். நடந்து போறார் இல்லை."

ராகக் கணக்கு அவருக்கு இன்னும் விளங்காததால் நான் அதை இங்கிலிஷில் சொன்னேன். ரங்கின் கோபிக்கவில்லை. "அதுதான் எனக்கு வேணும். என்னண்டு நடக்கிறது?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை இவர் அங்கே போவார், அல்லது அவர் தன் நாதஸ்வரத்தை உறையில் சுற்றிக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் வந்து இறங்குவார். முருகேசர் உதட்டாலும் மூச்சாலும் ஒரு ஸ்வரத்தை அசைத்து, இழுத்து, அடுத்ததில் கொண்டுபோய் இறக்குவார். ரங்கினுக்கு அது வரவில்லை. அவருடைய வாத்தியத்தில் நாணல் சீவாளியை உதடு தொடுவதில்லை, பைதான் காற்றைத் தள்ளுகிறது. விரலை மெதுவாக எடுத்துப் பார்த்தார். ஒருமுறை வந்தது, ஒன்பது முறை கீச்சென்றது. ஒரு வருஷத்துக்கு மேல் முயன்றார். முருகேசர் சலிக்காமல் இருந்து கேட்டார்.

அப்போதுதான் அது நடந்தது.

வள்ளத்துக்கு மெசின் பூட்டும்போது, மெசினின் முனையில் ஒரு இரும்புத் தட்டு, பின்னால் தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்குப் போகும் தண்டின் முனையில் ஒரு இரும்புத் தட்டு, இரண்டும் முகத்துக்கு முகம் பொருந்தவேண்டும். ஒவ்வொரு தட்டிலும் நாலு துளை. துளைகள் நேருக்கு நேர் வந்தால்தான் ஆணி போகும். ஒருவர் பின்னால் குந்தியிருந்து துளையைப் பார்ப்பார். மற்றவர் முன்னால் நின்று, மெசினின் பெரிய பறக்கும் சக்கரத்தில் நீள இரும்பு அலவாங்கு கொடுத்து, மயிரளவு மயிரளவாகத் திருப்புவார். நடுவில் பலகை மறைப்பு. ஒருவருக்கு மற்றவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும்.

ரங்கின் வந்த புதிதில் அதற்கு இங்கிலிஷ் சொற்கள் வைத்திருந்தார். மற்றப் பிற்றர்களுக்கு அது வாயில் வரவில்லை. தமிழில் வைப்போம் என்று சொன்னது நான். திருப்புவதற்கு 'ஓம்', நிறுத்துவதற்கு 'நில்'. சின்னச் சொற்கள், காற்றிலும் கேட்கும். அவருக்கும் பிடித்துக்கொண்டது. இன்னொரு விதி அவருடையது. துளையை விரல் விட்டுப் பார்க்கக்கூடாது, கம்பி விட்டுத்தான் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வள்ளத்திலும் அதை எங்களுக்குச் சொல்லுவார்.

அன்றைக்கு அவர் பின்னால் இருந்தார், நான் முன்னால். நாலு ஆணியில் மூன்று போய்விட்டது. நாலாவதைப் பூட்ட அந்த மூன்றையும் கழற்றிவிட்டு, மீண்டும் திருப்பவேண்டியிருந்தது. கம்பி அவர் கையிலிருந்து நழுவி வள்ளத்தின் அடித்தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. தேநீர்க் கடைக் கந்தையர் கரையில் நின்று கூப்பிட்டார்.

"துரை, பிளேன்ரீ கொண்டுவரட்டோ?"

"ஓம்" என்றார் ரங்கின்.

நான் அலவாங்கை இழுத்தேன்.

ஒரு அங்குலம்கூடத் திரும்பியிராது. அவர் கத்தவில்லை. "நில்" என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு, "செல்லத்துரை, இஞ்சை வாரும்" என்றார். நான் பலகையைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது வலக்கையை இடக்கையால் பொத்திப் பிடித்திருந்தார். தோளில் கிடந்த துவாயால் இறுக்கிக் கட்டினேன். லொறியில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அப்போதும் அவர் சொன்னது இதுதான்: "மெசினுக்கு மேலை தார்ப்பாயைப் போடச் சொல்லும். மழை வரும் போலை கிடக்கு."

வலக்கை மோதிரவிரலை இரண்டாம் மூட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். ஒரு விரல்தானே, ஸ்பனர் பிடிக்கலாம், பேனை பிடிக்கலாம் என்றார்கள். முருகேசர் கோப்பாயிலிருந்து வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் அரை மணித்தியாலம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி இருந்தார். வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னார்.

"அவருக்கு ரிஷபம் போச்சு."

அந்த விரல் மூடித் திறக்கிற துளைதான் அந்தக் குழலில் சட்ஜத்தையும் ரிஷபத்தையும் பிரிக்கிறது. அது எனக்கும் தெரியும். அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றோம்.

கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லைத் தெரிந்தெடுத்தது நான், அலவாங்கை இழுத்தது நான். அவர் 'பிற்றரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு ரங்கினிடம் கையெழுத்துக்குக் கொடுத்தார். அந்த ஒரு வரியோடு என் வேலை போயிருக்கும். ரங்கின் இடக்கையால் அந்தத் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"துளைக்கை விரல் வைக்கக்கூடாது எண்டு விதி போட்டவன் நான். விரல் வைச்சவனும் நான். இதை மாத்தி எழுதும். இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மாற்றி எழுதினார். வெளியே வந்ததும் ரங்கின் என்னிடம், "இனி வாய்ச் சொல் வேண்டாம். ரண்டு தட்டு, ஒரு தட்டு. என்ன சொல்லுறீர்?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். அன்று தொடங்கியதுதான் நீங்கள் இப்போது செய்வது.

ஆனால் அவர் வாத்தியத்தை எடுக்கவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். பின்னேரங்களில் கடற்கரை வெறிச்சென்று இருந்தது. ஆட்டுக்குட்டி என்று சிரித்த சந்தைப் பெண்களே, "துரை இப்ப வாசிக்கிறேல்லையோ" என்று என்னை மறித்துக் கேட்டார்கள். எனக்கு வேலை ஓடவில்லை. சக்கரத்தில் அலவாங்கு வைத்தால் இழுக்க மனம் வராது. வீட்டில் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்தபடி இருப்பேன். மூன்றாம் மாதம் என் மனைவி பாக்கியம் பொறுமை இழந்துவிட்டாள்.

"அவர் உங்களை மன்னிச்சிட்டார். அதுக்காக நீங்கள் உப்பிடி மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிஞ்சால் அவருக்கு விரல் முளைக்குமே? நீங்கள் பிற்றர்தானே. ஒண்டு செய்து பூட்டிப் பாருங்கோவன்."

அவள் பகிடியாகச் சொன்னாளோ என்னவோ. எனக்கு அது வேலை உத்தரவு மாதிரி இருந்தது.

பையில்லாமல், வாயால் ஊதிப் பழகுகிற ஒரு சின்னக் குழலும் அவரிடம் இருந்தது. அதைத் தாருங்கோ சேர் என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் மேசை லாச்சியைத் திறந்து தந்தார். அது கடினமான கறுப்பு மரம். துளைத்தால் வெடித்துவிடும் என்று பயந்து, மரத்தில் ஒன்றும் செய்வதில்லை என்று தீர்மானித்தேன். உடைந்துபோன ஒரு படகு விளக்கின் பித்தளையில் இரண்டு வளையம் கடைந்து, குழலை இறுக்காமல் பிடிக்கிற மாதிரிப் பூட்டினேன். வளையத்திலிருந்து ஒரு நெம்புகோல். அதன் ஒரு பக்கம் மிச்ச விரல் எட்டுகிற இடத்தில் இருந்தது. மறுபக்கம் துளைக்கு மேலே ஒரு வட்ட மூடி, அதன் அடியில் ஆட்டுத்தோல். ஒரு மணிக்கூட்டு வில்லில் வெட்டிய துண்டு மூடியைத் தூக்கிப் பிடிக்கும், விரல் அழுத்தினால் மூடும். அவர்கள் ஊரில் இதற்குச் சொல்கிற 'கீ' என்ற பெயரை நாங்கள் தமிழில் 'திறப்பு' ஆக்கினோம். மூடுகிற சாமானுக்குத் திறப்பு என்று பெயர் வைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

முதலாவது திறப்பு தோல்வி. அழுத்தும்போதெல்லாம் டக் டக்கென்று அடித்தது. மேசையில் வைத்ததை ரங்கின் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றைக்குத்தான்.

"வால்வுச் சத்தம். இடைவெளி கூடிப்போச்சு" என்றார். "சுருட்டுத் தாள் ஒண்டு கொண்டுவாரும்."

பிறகு நாங்கள் இருவரும் அதை ஒரு மெசின் வால்வாகவே நடத்தினோம். விளக்குப் புகைக்கரியை மூடியில் தடவி, அழுத்தி, துளையின் விளிம்பில் வட்டம் முழுதாக விழுகிறதா என்று பார்த்தோம். விழாத பக்கத்தைத் தோல் சீவிச் சரிசெய்தோம். நெம்புகோல் அச்சுக்குள் சுருட்டுத் தாளின் தடிப்புக்கு மேல் ஆட்டம் இருக்கக்கூடாது. மூடியை அழுத்திக்கொண்டு குழலை உறிஞ்சினால் நாக்கில் ஒட்டவேண்டும், அதுதான் சோதனை. இரண்டாவது ஒட்டவில்லை. மூன்றாவது ஒட்டியது. ஆனால் வில் மெலிந்துபோய் மூடி சோம்பலாக எழும்பியது. நான் அதைக் கழற்றி நாலாவதுக்கு அளவெடுக்க இருந்தபோதுதான் முருகேசர் வந்தார்.

"கழட்டாதேங்கோ, ஒருக்கால் ஊதச் சொல்லுங்கோ" என்றார்.

ரங்கின் ஊதினார். சட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் போகும்போது மூடி மெதுவாக எழும்ப, சத்தம் படி ஏறாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு வருஷமாக விரலால் வராதது. முருகேசர் கையைத் தூக்கி, "அதிலை நில்லுங்கோ. பாதியிலை நில்லுங்கோ" என்றார். ரங்கின் பாதியில் நிற்கப் பார்த்தார். மூடி நிற்கவில்லை. ஆனால் ஒரு கணம் அந்த இடம் எங்கள் மூவருக்கும் கேட்டது.

"அது சுத்த ரிஷபம்" என்றார் முருகேசர். "அதிலை நிண்டால் உந்தக் குழலிலை சக்கரவாகம் வரும்."

என்ன வரும் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கே நிற்கவேண்டும் என்பது விளங்கிற்று. வில்லை மாற்றி, மூடி பாதியில் போய்த் தொடுகிற மாதிரி ஒரு மெல்லிய தகடு வைத்தேன். லேசாக அழுத்தினால் அதில் தட்டி நிற்கும், இன்னும் அழுத்தினால் முழுதாக மூடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகாணி. வால்வு சரிசெய்வது போலத்தான். முருகேசர் "இன்னும் கொஞ்சம்" என்பார், நான் கால் சுற்றுத் திருப்புவேன், ரங்கின் ஊதுவார். அந்தப் பின்னேரம் முழுவதும் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்றே போனது. கடைசியில் முருகேசர் தலையாட்டினார். ரங்கின் அந்த ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கீழே வைத்துவிட்டு, "நாளைக்குப் பெரிய குழலுக்கும் அளவெடுப்பம்" என்றார்.

போகும்போது முருகேசர் என் தோளில் தட்டினார். "போன ரிஷபம் ஒண்டு, வந்தது ரண்டு."

அந்த வருஷம் ஆறு மெசின் வள்ளங்கள் ஒரே நாளில் கடலில் இறங்கின. கரையில் முருகேசரின் நாதஸ்வரம் முன்னுக்குப் போக, ரங்கின் பின்னால் தோற்பைக் குழலோடு நடந்தார். ஒத்துக் குழல்களை முருகேசரின் சுருதிக் கட்டைக்குச் சேர்த்து வைத்திருந்தார்கள். முருகேசர் ஒரு வரி வாசித்தால் இவர் அதை வாங்கி, தன் ஊர் நடையில் கொஞ்சம் துள்ளவிட்டு, திருப்பிக் கொடுப்பார். தவில்காரர் முதலில் திகைத்துப் பிறகு பிடித்துக்கொண்டார். அது எந்த ஊர்ச் சங்கீதம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கடைசி வள்ளம் தண்ணீரைத் தொட்டபோதும் அவர்கள் நிறுத்தவில்லை.

அறுபத்துநாலில் ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அவர் வேலை செய்த துறைமுகம், அங்கத்தைய மெசின்கள், தன் சங்கீதம் என்று எழுதுவார். அந்த ஊரின் பெரிய போட்டி ஒன்றில் அந்தத் திறப்போடு போய் வாசித்திருக்கிறார். வாத்தியத்தில் இல்லாத உறுப்பைப் பூட்டியிருக்கிறார் என்று நடுவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லையாம். "அவர்கள் விதியைச் சொன்னார்கள். நான் விதி மீறின ஆள்தானே" என்று எழுதியிருந்தார். அதன் பிறகும் விடவில்லை. பாட்டுகள் கட்டினார். பகலில் மெசின் வேலை, பின்னேரத்தில் குழல். மெல்ல மெல்லச் சில இளையவர்கள் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள் என்றும் எழுதினார். முருகேசருக்கும் சேர்த்துத்தான் கடிதம். கோப்பாய்க்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். எழுபத்தைந்தில் முருகேசர் காலமானார். அடுத்த வருஷம் ரங்கினும் போய்விட்டார் என்று அவருடைய மனைவி எழுதினாள். நான் அந்தக் கடிதத்தைப் பட்டறையில் வைத்து வாசித்தேன். அன்று ஒரு வள்ளத்தில் தண்டு பொருத்தும் வேலை இருந்தது. நானே பின்னால் இருந்து, ஸ்பனரால் தட்டித் தட்டி, நாலு ஆணியையும் பூட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பகல், யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கி, பட்டறையை விசாரித்துக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் இசபெல். ரங்கினிடம் குழல் பழகியவளாம். இந்தியாவுக்கு வந்தவள், அவர் சொன்ன கடற்கரையைப் பார்க்கவென்று கடல் தாண்டி வந்திருக்கிறாள். ஒரு நீளமான பெட்டியைத் திறந்து வாங்கில் வைத்தாள். விரல் குழலில், மோதிரவிரல் இடத்தில், பித்தளைத் திறப்பு. வளையம், நெம்புகோல், பாதியில் நிறுத்தும் தகடு, திருகாணி, எல்லாம் இருந்தது. வேலைப்பாடு என்னுடையதை விட நன்றாக இருந்தது.

நான் அவளுடைய கையைப் பார்த்தேன். பத்து விரலும் முழுதாக இருந்தன.

"உங்களுக்கு விரல் இருக்குதே. பிறகு ஏன் இது?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன்.

அவள் என் கேள்வியை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தாள். பிறகு, இது இல்லாமல் ரங்கினுடைய பாட்டுகளை வாசிக்க ஏலாது என்றாள். அவரிடம் பழகியவர்கள் எல்லோரும் இதைத்தான் பூட்டியிருக்கிறார்களாம். அவர்களிடம் பழகுகிறவர்களும் பூட்டுகிறார்களாம். அது ஏன் முதலில் செய்யப்பட்டது என்று அவர்களில் பலருக்குத் தெரியாதாம். ரங்கின் கேட்டவர்களுக்கெல்லாம், பருத்தித்துறையில் தானும் இரண்டு சிநேகிதரும் கண்டுபிடித்தது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அச்சில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. ஒரு சுருட்டுத் தாள் கொண்டுவரச் சொல்லி, சரிசெய்து கொடுத்தேன். அவள் அதைத் தோற்பையில் கோர்த்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் வாசித்தாள். பட்டறை முழுவதும் வேலையை விட்டு வந்து நின்றது. சந்தைப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முருகேசர் பிடித்து நிறுத்தின அந்தச் சுத்த ரிஷபத்தில் அவளும் போய் நின்றாள். ஆடாமல் நின்றாள்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் எல்லாம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"விரல் இருக்கிற ஆக்களும் பூட்டியிருக்கினமோ?"

"எல்லாரும் பூட்டியிருக்கினமாம்."

"அப்ப உங்கடை மனம் இனி ஆறியிடுமோ?"

"நான் விட்ட பிழை பிழைதான்" என்றேன். "ஆனால் அதுக்குப் பிறகு செய்த வேலை நல்ல வேலை."

"அதைத்தானே நான் இவ்வளவு வருஷமாச் சொல்லுறன்" என்றாள் அவள்.

அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.